பூனைக்கு இன்சுலின்: ஒரு நூற்றாண்டு வரலாறும் வீட்டிலிருக்கும் அமானத்தும்



சென்ற ஆண்டு ஒரு மாலை, மக்தப் வகுப்பு முடிந்த நேரத்தில், என்னிடம் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார் மத்ரஸா வாசலில் வந்து நின்றார். கையில் கால்நடை மருத்துவரின் சீட்டு இருந்தது.

"ஹஜ்ரத், எங்க வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோயாம். தினமும் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி போடணுமாம். அதுக்கு மாட்டிறைச்சி, மீன், கோழி மூணுமே ஒத்துக்காது, சொறிஞ்சு சொறிஞ்சு கழுத்தெல்லாம் புண்ணு. இன்சுலினைப் பன்றியிலேர்ந்து எடுக்கிறாங்கன்னு ஒருத்தர் சொல்றார், மாட்டுலேர்ந்துன்னு இன்னொருத்தர் சொல்றார். புள்ளையோட அத்தா என்னடான்னா, மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வந்துடலாங்கிறாங்க. கட்டிவெச்சுப் பட்டினி போட்டாத்தானே பாவம், அவுத்து விட்டா பாவமில்லையேன்னு கேக்கிறாங்க."

ஒரே மூச்சில் மூன்று கேள்விகள். இன்சுலின் எதிலிருந்து வருகிறது? உணவு ஒவ்வாத பூனைக்கு எந்த இன்சுலின் பொருந்தும்? நோயுற்ற பிராணியை வெளியே விட்டுவிடுவது கூடுமா? அன்று நான் விடை சொல்லவில்லை. அறியாத ஒன்றைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்வதைவிட அதை அறிந்துகொள்வது முதற்கடமை என்று கருதினேன். பல நாட்கள் வாசித்து, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றை, இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். மூன்று கேள்விகளுக்கும் விடை இன்சுலினின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கசாப்புக் கூடத்திலிருந்து வந்த மருந்து

1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், கணையத்தினுள் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளைக் கண்டு எழுதினார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசஃப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய் அடிக்கடி சிறுநீர் கழித்தது; சோதித்தபோது சிறுநீரில் சர்க்கரை இருந்தது. நீரிழிவின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அன்று உறுதியாயிற்று.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலர் முயன்றனர். 1921-ஆம் ஆண்டின் கோடையில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், மெக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், ஃபிரெட்ரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்து நாய்களுக்குச் செலுத்தி, இரத்தச் சர்க்கரை குறைவதைக் கண்டனர். நாய்க் கணையம் போதாமற்போகவே, கசாப்புக் கூடத்திலிருந்து மாட்டுக் கணையத்தை வாங்கினர். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அது தூய்மையாக இல்லாததால் பயன் சிறிதாக இருந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டியும் உண்டாயிற்று. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் இரவுபகலாக அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தியபோது சிறுவனின் உடல் தேறத் தொடங்கியது.

கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். மனித உயிர் காக்கும் மருந்தில் இலாபம் தேடக்கூடாது என்ற அந்த எண்ணத்தை நாம் மதிக்க வேண்டும்.

நம் கேள்விக்கு வேண்டிய முதற்செய்தி இங்கே கிடைக்கிறது. இன்சுலின் மனிதனுக்காகத் தேடப்பட்டது; நாயின் உடலில் சோதிக்கப்பட்டது; மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டது. பூனையை அன்று யாரும் நினைக்கவில்லை. பின்னாளில் பூனைக்குக் கிடைத்த இன்சுலின்களுள் பெரும்பாலானவை மனிதனுக்காகவோ நாய்க்காகவோ செய்யப்பட்டு, அதன்பின் பூனைக்கு வந்தவையே. இன்று நமக்குத் தேர்வு கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஐம்பத்தொரு மணிகள்

இன்சுலின் ஒரு சிறு புரதம். தஸ்பீஹில் மணிகளைக் கோப்பதுபோல் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டதே புரதம். கேம்பிரிட்ஜில் ஃபிரெட்ரிக் சாங்கர் பத்தாண்டு உழைத்து, 1955-இல் மாட்டு இன்சுலினின் முழு வரிசையையும் வெளியிட்டார். 21 மணிகள் கொண்ட ஒரு சரமும் 30 மணிகள் கொண்ட இன்னொரு சரமுமாக, மொத்தம் 51. அதற்காக 1958-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வரிசை தெரிந்தபின் உயிர்களை ஒப்பிட முடிந்தது. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணிதான் வேறுபாடு. மனிதனுக்கும் மாட்டுக்கும் மூன்று. நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் முற்றிலும் ஒன்றே. பூனையின் இன்சுலினோ மாட்டு இன்சுலினிலிருந்து ஒரே ஒரு மணியில் மட்டும் மாறுபடுகிறது. பன்றியினதிலிருந்து மூன்றில், மனிதனிலிருந்து நான்கில்.

ஆகவே வரிசையை மட்டும் பார்த்தால் பூனைக்கு மிக நெருங்கியது மாட்டு இன்சுலின். நெடுங்காலம் பூனைகளுக்கு அதுவே கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் பூனைகளுக்கென்று விற்கப்பட்ட ஒரு மருந்து 90 விழுக்காடு மாட்டு இன்சுலினும் 10 விழுக்காடு பன்றி இன்சுலினும் கலந்ததாக இருந்தது.

அது நிலைக்கவில்லை. 1978-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் மனித இன்சுலினுக்கான மரபுக் கட்டளையை ஈ. கோலை என்ற நுண்ணுயிரியில் வைத்து, அதையே இன்சுலின் செய்ய வைத்தனர். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. மனிதர்களுக்கு விலங்கு இன்சுலின் தேவைப்படாமற் போயிற்று. பிரிட்டனில் பரவிய பித்தப் பசு நோயின் அச்சமும் சேர்ந்துகொள்ள, 1990-களில் மாட்டு இன்சுலின் பல நாடுகளின் கடைகளிலிருந்து மறையத் தொடங்கியது. பூனைக்கு மிக நெருங்கிய மருந்து அதன் கைவிட்டுப் போனது பூனையின் நலம் கருதியன்று. மனிதச் சந்தை மாறியதால்.

எவ்வளவு நேரம் நிற்கும்?

முதற்கால இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தது. நோயாளி ஒரு நாளில் பலமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடோர்ன் என்ற மருத்துவர், மீனின் விந்துவிலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது தோலுக்கடியில் மெல்லக் கரையும் என்று 1936-இல் காட்டினார். அதே ஆண்டில் டொராண்டோவில் துத்தநாகத்தையும் சேர்த்து இன்னும் நீட்டினர். இதுவே புரோட்டமின் துத்தநாக இன்சுலின். 1950-களின் தொடக்கத்தில் புரோட்டமின் இல்லாமல் துத்தநாகத்தைக் கொண்டே நேரத்தை நீட்டிய லென்ட்டே வகை வந்தது.

பூனையின் உடல் இன்சுலினை விரைவாகச் செலவழிக்கிறது. நாய்களுக்கென்று செய்யப்பட்ட பன்றி லென்ட்டே இன்சுலின் பூனைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. ஆனால் பல பூனைகளில் அது பன்னிரண்டு மணி நேரம் நிற்பதில்லை. ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் சர்க்கரை மீண்டும் ஏறிவிடுகிறது.

2000-ஆம் ஆண்டில் மனிதர்களுக்காக கிளார்ஜின் என்ற இன்சுலின் வந்தது. மனித இன்சுலினின் ஒரு மணியை மாற்றி, ஒரு சரத்தின் கடைசியில் இரண்டு மணிகளைச் சேர்த்துச் செய்தது. குப்பியில் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் அமிலத்தன்மை நீங்கியதும் நுண்படிகமாகப் படிந்து மெல்லக் கரையும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராண்டும் உடனிருந்தவர்களும் இதைப் பூனைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். ராண்டும் ரூம்ப் என்பவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 55 பூனைகள் இருந்தன. மாவுச்சத்துக் குறைந்த உணவு, வீட்டிலேயே நாள்தோறும் பலமுறை இரத்தச் சர்க்கரை அளத்தல், அதற்கேற்ப மருந்தளவை மாற்றுதல் ஆகியவற்றோடு கிளார்ஜின் கொடுக்கப்பட்டது. அவற்றுள் 64 விழுக்காடு ஊசியே தேவையில்லாத நிலைக்கு வந்தன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் இது 84 விழுக்காடு. தாமதித்துத் தொடங்கியவற்றில் 35.

எல்லாப் பூனைகளுக்கும் எல்லா வீடுகளிலும் இந்தப் பலன் கிட்டும் என்று எண்ணக்கூடாது. அங்கே உரிமையாளர்கள் அரும்பாடு பட்டிருக்கிறார்கள். ஆயினும் ஒன்று விளங்குகிறது. பூனையின் நீரிழிவு பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. கணையம் முற்றிலும் அழிவதற்குமுன் ஓய்வு கொடுத்தால் மீளக்கூடும். தாமதம்தான் எதிரி.

இந்த ஒற்றுமையால் மனிதனும் பயனடைந்திருக்கிறான். நீரிழிவுள்ளோர் கணையத்தில் படியும் பொருளின் மூலப் புரதத்தை 1987-இல் சுவீடனின் பெர் வெஸ்டர்மார்க்கும் உடனிருந்தவர்களும் அடையாளம் கண்டபோது, அவர்கள் ஆராய்ந்தவற்றுள் நீரிழிவுற்ற பூனையின் கணையமும் இருந்தது.

மாட்டு இன்சுலின் மறைந்த இடத்தில், 2009-இல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே புதிய புரோட்டமின் துத்தநாக இன்சுலின் அனுமதி பெற்றது. அதிலிருப்பது விலங்கிலிருந்து எடுத்த இன்சுலின் அன்று. ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட மனித இன்சுலின். இவ்வாறு கிளார்ஜினும் இந்த வகையும் இன்று பூனை மருத்துவர்கள் முதலில் கருதும் தேர்வுகளாக இருக்கின்றன. நான்கு மணி வேறுபாடு இருந்தும் மனித இன்சுலின் பூனையின் உடலில் நன்றாகவே வேலை செய்கிறது. வரிசையின் நெருக்கத்தைவிட, எவ்வளவு நேரம் சீராக நிற்கிறது என்பதே முக்கியம் என்பதை அனுபவம் காட்டியிருக்கிறது.

2022-லும் 2023-லும் அமெரிக்காவில் பூனைகளுக்கு இரண்டு வாய்வழி மருந்துகள் அனுமதி பெற்றன. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. ஊசி வேண்டாமே என்று உடனே மகிழ வேண்டாம். முன்பு இன்சுலின் பெற்ற பூனைக்கு அவை உரியவையல்ல. இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பும் உண்டு. மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் மட்டுமே தரத்தக்கவை.

ஒவ்வாமை குப்பியிலா, தட்டிலா?

அந்தத் தாயாரின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். பூனைகளில் உணவு ஒவ்வாமைக்கு மிகுதியாகக் காரணமாகச் சொல்லப்படுபவை மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவையே. மாட்டிறைச்சி ஒவ்வாத பூனைக்கு இன்சுலினால் தீங்கு வருமோ என்ற அச்சம் இயல்பானது. இன்று கிடைக்கும் கிளார்ஜின் நுண்ணுயிரியில் செய்யப்படுவது. மாட்டின் இறைச்சியோ பன்றியின் இறைச்சியோ அதில் இல்லை. உணவு ஒவ்வாமை இறைச்சியிலுள்ள வேறு புரதங்களால் உண்டாவது. ஆகவே உணவு ஒவ்வாமையை மட்டும் காரணமாக வைத்து இன்சுலினை மறுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். புரோட்டமின் மீனிலிருந்து வருவது. மீன் ஒவ்வாமை பெரும்பாலும் மீன் தசையிலுள்ள புரதத்தால் வருகிறது, புரோட்டமின் அதுவன்று. எனினும் மீன் ஒவ்வாத பூனை என்பதை அறிந்தால் மருத்துவர் அதற்கேற்ப முடிவெடுப்பார். அதுபோலவே சுவையூட்டிய மாத்திரைகளில் இறைச்சிப் புரதம் கலந்திருக்கலாம். குடற்புழு மாத்திரையாக இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டும்.

உண்மையான சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது அரிப்புக்குக் கொடுக்கும் மருந்து. 1940-களின் இறுதியில் கார்ட்டிசோன் மருத்துவத்துக்கு வந்தபின், அதன் இனத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டுகள் அரிப்புக்கு எளிய தீர்வாயின. பூனைகளின் தோல் நோய்களுக்கு மெஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்தும் ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. இவ்விரண்டும் பூனையின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். நீரிழிவையே உண்டாக்கவும் செய்யும். ஒவ்வாமையால் சொறியும் பூனைக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு கொடுத்து, அதனால் சர்க்கரை ஏறி, அதற்காக இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போவது முடிவில்லாத சுழல். எனவே நீரிழிவுப் பூனையின் அரிப்பை முதலில் உணவால் அடக்க முயல வேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு பெற்றுவந்தால் நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

நான் இதைச் சொன்னதும் அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. "மூணு வருஷமா அரிக்கும்போதெல்லாம் அந்த ஊசிதான் ஹஜ்ரத் போட்டோம்" என்றார். அது மட்டும்தான் காரணம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. உடல் பருமனும் வயதும் கூடக் காரணமாகும். ஆனால் அந்தச் செய்தியை அவர் புதிய மருத்துவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றே போய்ச் சொன்னார்.

இரண்டாவது சிக்கல் உணவு. நீரிழிவுப் பூனைக்கு மாவுச்சத்துக் குறைந்து புரதம் மிகுந்த உணவு நல்லது. பூனை இறைச்சியுண்ணியாகவே படைக்கப்பட்ட பிராணி. மாவுச்சத்தைக் கையாளும் ஆற்றல் அதன் உடலில் குறைவு. நாம் வைக்கும் மீன் சோற்றில் மீனைவிடச் சோறே மிகுதி. ஒவ்வாமைக்காக விற்கப்படும் உணவோ, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யப்பட்டது. அதன் உலர் வகைகளில் பொதுவாக மாவுச்சத்து அதிகம். ஒரு நோய்க்கு ஏற்றது மற்றொன்றுக்கு ஏற்றதாக இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. பூனை இதுவரை உண்டிராத ஒரே ஓர் இறைச்சியை, முயல், வாத்து, ஆடு போன்றவற்றுள் ஒன்றை, அடிப்படையாகக் கொண்ட ஈர உணவை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். ஏறத்தாழ எட்டு வாரம் அதைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பரிவோடு போடும் ஒரு துண்டு பிஸ்கட்டும் சோதனையைக் கெடுத்துவிடும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். வெறும் இறைச்சியை நாமே வேகவைத்து நெடுநாள் கொடுத்தால் டாரின் என்ற சத்து குறையலாம். அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும் என்பதை 1987-இல் கலிபோர்னியாவில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவரும் உடனிருந்தவர்களும் கண்டறிந்தனர். இரண்டாவது, புது உணவை மறுக்கிறதே என்று பூனையைப் பட்டினி போடக்கூடாது. சில நாள் உண்ணாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு நிறைந்து உயிராபத்து நேரும். மூன்றாவது, மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலினின் தேவையும் குறையும். உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ஆகவே உணவு மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்நாட்களில் சர்க்கரையை அடிக்கடி அளக்க வேண்டும். பூனை தள்ளாடினால், சோர்ந்து விழுந்தால், வலிப்பு வந்தால், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

நாற்பதும் நூறும்

நம் ஊர்க் குடும்பங்கள் தவறாமல் அறிய வேண்டியது இன்னொன்று. பழங்காலத்தில் இன்சுலின் பல செறிவுகளில் விற்கப்பட்டது. 1970-களில் மேலைநாடுகள் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்ற ஒரே அளவுக்கு மாறத் தொடங்கின. இந்தியாவில் 40 யூனிட் குப்பிகள் இன்றும் பரவலாக விற்கின்றன. கிளார்ஜினோ பொதுவாக 100 யூனிட். கால்நடை இன்சுலின்கள் பெரும்பாலும் 40 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. பொதுவாக 40-க்கு உரியதன் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு.

100 யூனிட் இன்சுலினை 40-க்கு உரிய சிரிஞ்சில் எடுத்தால், ஒன்று என்ற கோட்டில் இருப்பது உண்மையில் இரண்டரை யூனிட்.  நான்கு கிலோ எடையுள்ள பூனைக்குத் தொடக்க அளவே பெரும்பாலும் ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான் இருக்கும். அதற்கு இரண்டரை மடங்கு என்பது உயிர் போகும் பிழை. வீட்டில் பாட்டிக்கு ஒரு குப்பி, பூனைக்கு ஒரு குப்பி என்றிருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வெவ்வேறு இடத்தில் பெயரெழுதி வையுங்கள். கிளார்ஜினை அளவு எளிதாகட்டும் என்று நீர் கலந்து நீர்க்கச் செய்யவும் கூடாது. அதன் அமிலத்தன்மை மாறினால் மருந்தின் இயல்பே மாறிவிடும்.

மார்க்கம் பற்றிய கேள்விகள்

பன்றி இன்சுலின் பற்றிய கேள்வி மனிதர்களுக்கே பல்லாண்டுகள் இருந்தது. வேறு மருந்து கிடைக்காத காலத்தில், உயிர் காக்கும் நிர்ப்பந்தம் என்ற ளரூரத் விதியின் அடிப்படையில் உலமாக்கள் அதை ஆராய்ந்தனர். பூனைக்கு ஷரீஅத்தின் கட்டளைகள் இல்லை; ஆனால் வாங்கும் நமக்கும் கையாளும் நமக்கும் உண்டு. நல்லவேளையாக, பூனைக்கு மருத்துவர்கள் முதலில் கருதும் இரண்டு வகைகளிலும் பன்றி இன்சுலின் இல்லை. ஆகவே பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்கே இடமில்லை. அது மட்டுமே கிடைக்கும் நிலை வந்தால், மருத்துவரின் கூற்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, அந்தச் சிறுமியின் தந்தை கேட்டது. பூனையை அடைத்துவைத்து உணவும் கொடாமல், அது தானே தேடித் தின்னும்படி விட்டுவிடவும் செய்யாத ஒரு பெண் அதன் காரணமாகத் தண்டனைக்குள்ளான செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதிலிருந்து அவர், விட்டுவிடுவது கூடும் என்று எடுத்துக்கொண்டார். நான் அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசினேன். விட்டுவிடுதல் என்பது அந்தப் பிராணி தன் உணவைத் தானே தேடிக்கொள்ள முடியும்போது பொருந்தும். மாடி வீட்டில் பிறந்து, ஒருநாளும் வேட்டையாடாமல், நீரிழிவால் பின்னங்கால் தளர்ந்த பூனைக்கு மீன் மார்க்கெட் என்ன தரும்? அங்கே கிடைப்பதே அதற்கு ஒவ்வாத மீன்தானே! அந்த வாசலில் விட்டுவிட்டு வருவதும் பட்டினிபோடுவதும் வேறல்ல என்றேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். மருந்துச் செலவை எண்ணி அஞ்சியவர். தம்மால் இயலாது என்று உண்மையாகவே தெரிந்தால், பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் ஒப்படைப்பது முறை. தெருவில் விடுவது ஒப்படைப்பது ஆகாது.

நம் முன்னோர் இச்சுமையைத் தனி வீட்டின் தலையில் மட்டும் வைக்கவில்லை. 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் பூனைகளுக்காக ஒரு தோட்டத்தை விட்டுச்சென்றார் என்று, 1836-இல் வெளிவந்த நூலில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்த காலத்தில் அந்தத் தோட்டம் விற்கப்பட்டுக் கைமாறியிருந்தது. ஆயினும் அஸ்ரு நேரத்தில் காதியின் நீதிமன்ற முற்றத்துக்கு உணவு கொண்டுவரப்படுவதும், நகரத்துப் பூனைகள் அங்கே வந்து உண்பதும் தொடர்ந்தன. ஒரு மருந்துக் குப்பியின் விலையை நான்கு உறவினர் பகிர்ந்துகொண்டால் ஒரு வீட்டுக்கு அது சுமையாகாது. அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. சிறுமியின் மாமா குளுக்கோமீட்டர் வாங்கிக்கொடுத்தார்.

இன்று அந்தப் பூனை ஆட்டிறைச்சி உணவில் இருக்கிறது. கழுத்துப் புண் ஆறி முடி முளைத்திருக்கிறது. ஊசி இன்னும் நிற்கவில்லை. அளவு மட்டும் குறைந்திருக்கிறது. தொடக்கத்தில் ஃபஜ்ருக்குப் பின்னும் மக்ரிபுக்குப் பின்னும் என்று வைத்திருந்தார்கள். ரமலானில் நோன்பு திறக்கும் பரபரப்பில் ஒருநாள் இருவர் தனித்தனியே ஊசி போட இருந்தார்கள். நல்லவேளையாகச் சிறுமி பார்த்துத் தடுத்தாள். அதன்பின் கடிகாரத்தில் ஆறுக்கு ஆறு என்று வைத்து, போட்டவர் கையெழுத்திட ஒரு நோட்டையும் அடுப்படியில் தொங்கவிட்டார்கள். பெரும்பாலான பக்கங்களில் இருப்பது அந்தத் தந்தையின் கையெழுத்து.

வாயில்லாப் பிராணிகளின் பசியையும் நோவையும் அறியும் நெஞ்சை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.